அட்டவணைப்படி வேதம் வாசிக்கிறேன், எதுவும் உள்ளே இறங்கவில்லை. என்ன செய்யலாம்?

முத்துநகர் வாசகன்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு பார்க்கிறேன். வயது 43. ஏழு வருடமாக ஒவ்வொரு வருடமும் வேதத்தை முழுதாக வாசித்து முடிக்கிறேன். முறை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். கிழமை நாட்களில் தினம் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. மொத்தம் 1189 அதிகாரமும் டிசம்பர் கடைசிக்குள் முடிந்துவிடும், இரண்டு மூன்று நாள் மிச்சமும் இருக்கும். பீரோ கதவின் உள்பக்கம் அட்டவணை ஒட்டியிருக்கிறேன். வாசித்ததும் சிவப்புப் பேனாவால் ஒரு டிக். ஏழு வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. டைபாய்டு வந்து கிடந்தபோதுகூட மனைவியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இந்த பிப்ரவரியில் அப்பா இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையும் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து வேதத்தைத் திறந்தேன். அன்றைய பகுதியின் கடைசி அதிகாரம் எண்ணாகமம் 7. தெரிந்தவர்களுக்குத் தெரியும், 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்கள் பன்னிரண்டு நாள் வந்து, ஒரே மாதிரி வெள்ளித்தாலம், ஒரே மாதிரி வெள்ளிக்கலம், ஒரே மாதிரி தூபகரண்டி கொண்டுவந்து வைக்கிறார்கள். பன்னிரண்டு தடவையும் அதே வார்த்தைகள். எல்லாவற்றையும் வாசித்தேன். டிக் போட்டேன். பீரோவைச் சாத்தினேன்.

அப்புறம் அந்தக் கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு அழுதேன். அப்பாவுக்காக அழுதேன், அது சரி. ஆனால் இன்னொன்றும் இருந்தது. என் வாழ்க்கையிலேயே தேவனுடைய வார்த்தை எனக்கு மிகவும் தேவைப்பட்ட காலை அது. நான் அதை வாசித்தேன், அது என்மேல் பட்டுவிட்டு அப்படியே போய்விட்டது. ரயில் ஜன்னலில் ஊர்கள் போகிற மாதிரி.

அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். போன வருடம் ரோமர் நிருபத்தை வாசித்து முடித்தேன். என்ன பிடித்தது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வேதவினாடிவினாவில் பதில் சொல்வேன். மெத்தூசலா 969 வருஷம், எஸ்தர் புத்தகத்தில் 10 அதிகாரம், இதெல்லாம் வரும். அதற்கு மேல் இல்லை.

லூக்கா 2:19ல் ஒரு வசனம் உண்டு. "மரியாளோ அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்." எனக்கு அந்த இருதயம் வேண்டும். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அட்டவணையை விட்டுவிடலாமா? விட்டால் சோம்பல் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மெதுவாக வாசிக்கப் போய் நானாக எதையாவது கற்பனை செய்துகொண்டு அதைத் தேவ சத்தம் என்று நினைத்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. அப்படி ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

விடிவெள்ளி:

பிரதர், அப்பாவின் இழப்புக்கு ஆறுதலுக்காக ஜெபிக்கிறேன். எனக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. நான் ஆடியோ வேதாகமத்துக்கு மாறிவிட்டேன். பஸ்ஸில் போகும்போது கேட்பேன். அட்டவணையை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏழு வருட ஒழுக்கம் சாதாரண விஷயமில்லை.

மருதாணி:

அண்ணா, நான் நாகர்கோவில் பக்கம். வீட்டில் தையல் வேலை செய்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நீங்கள் பீரோ முன்னால் நின்றதை வாசித்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் இரண்டாவது மகளுக்குப் பால் மறக்கடிக்க வேண்டியிருந்தது. இரண்டு வயது தாண்டிவிட்டது. அத்தை சொன்னபடி வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொண்டேன். பிள்ளை வாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மூன்று ராத்திரி. முதல் ராத்திரி கத்தினாள். இரண்டாம் ராத்திரி என்னை அடித்தாள், முடியைப் பிடித்து இழுத்தாள். மூன்றாம் ராத்திரி அவள் அப்பாவிடம் போய்ப் படுத்துக்கொண்டு என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நான் அழுதது அவளுக்குத் தெரியாது.

நாலாம் ராத்திரி கரண்ட் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவளாக நடந்து வந்தாள். மடியில் ஏறினாள், நெஞ்சில் தலையை வைத்தாள். பால் கேட்கவில்லை. சேலையை இழுக்கவில்லை. சும்மா சாய்ந்திருந்தாள், அப்படியே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் சங்கீதம் 131 வாசித்தேன். மூன்றே வசனம், எருசலேமுக்கு ஏறிப்போகும்போது பாடியவை என்று சொல்கிற ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. எத்தனையோ தடவை வாசித்ததுதான். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்." பால் குடிக்கிற குழந்தை என்று எழுதவில்லை அண்ணா. பால்மறந்த குழந்தை. இத்தனை வருடம் அந்தச் சொல்லை நான் பார்க்கவே இல்லை. பால் கேட்கிற பிள்ளைக்கு அம்மா என்றால் பால். பால் மறந்த பிள்ளைக்கு அம்மா என்றால் அம்மாதான்.

நான் வேதத்தை எடுத்த ஒவ்வொரு தடவையும் எதையாவது கேட்டுத்தான் எடுத்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு வாக்குத்தத்தம் தாரும், ஒரு பதில் தாரும், இந்தக் கடனுக்கு ஒரு வழி காட்டும். கிடைக்காவிட்டால் மூடி வைத்துவிடுவேன். அது தப்பு என்று சொல்லவில்லை, பிள்ளை பசித்தால் கேட்கத்தான் செய்யும். ஆனால் மடியில் சும்மா இருப்பது என்று ஒன்று உண்டு. அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மூன்று வசனத்தில் இரண்டு மாதம் இருந்தேன்.

நான் எப்படிச் செய்கிறேன் என்றால், மிஷினில் உட்காருவதற்கு முன்னால் சின்னப் பகுதி ஒன்றை வாய்விட்டு வாசிப்பேன். ஐந்தாறு வசனம் போதும். அப்புறம் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக. எந்தச் சொல் முள் மாதிரி தைக்கிறதோ, இல்லை இனிக்கிறதோ, அதோடு நிறுத்திக்கொள்வேன். அந்தச் சொல்லை ஒரு சீட்டில் எழுதி மிஷின் பக்கத்தில் ஊசிப் பெட்டிக்குக் கீழே வைத்துக்கொள்வேன். தைக்கும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சில நாள் ஒன்றுமே நடக்காது. அன்றைக்கும் சீட்டு அங்கேயேதான் இருக்கும்.

முத்துநகர் வாசகன்:

தங்கச்சி, இதைக் கிடங்கில் உட்கார்ந்து வாசித்தேன். "சும்மா இருப்பது" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். எனக்கு வராதது அதுதான். ஆனால் ஒரு கேள்வி எல்லோருக்கும். அப்படியானால் இந்த ஏழு வருடம் வாசித்ததெல்லாம் வீணா?

திண்டுக்கல் தாத்தா:

வீண் இல்லை தம்பி. நான் கத்தோலிக்கன், நீங்கள் சீர்திருத்த சபை என்று நினைக்கிறேன். பரவாயில்லை, வார்த்தை ஒன்றுதானே.

எங்கள் வீட்டில் எப்போதும் மாடு உண்டு. மாடு மேயும்போது மெல்லாது. கிடைத்ததை அவசர அவசரமாக உள்ளே தள்ளும். வயிறு நிறைந்த பிறகு புளியமரத்து நிழலில் போய்ப் படுக்கும். அங்கேதான் அசைபோடும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, காலையில் மேய்ந்ததை ஒவ்வொரு கவளமாக வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். அசைபோடுகிற மாட்டை நாங்கள் எழுப்ப மாட்டோம். நீங்கள் ஏழு வருடம் மேய்ந்திருக்கிறீர்கள். நிழலில் படுக்கவில்லை, அவ்வளவுதான். மேயாத மாடு எதை அசைபோடும்?

இதை நானாகச் சொல்லவில்லை. பழைய துறவிகள் வேதம் வாசிப்பதை அசைபோடுவது என்றே சொல்லியிருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில், ஆல்ப்ஸ் மலையில் இருந்த கார்த்தூசியன் மடத்துத் தலைவர் இரண்டாம் குய்கோ இதற்கு நான்கு படி சொன்னார்: வாசிப்பது, தியானிப்பது, மன்றாடுவது, அப்புறம் அவர் முன்னால் அமைதியாக இருப்பது. உணவை வாயில் வைப்பது முதல் படி, மெல்லுவது இரண்டாவது, சுவை இறங்குவது மூன்றாவது, அந்த இனிமையே நான்காவது என்று விளக்கினார். நான்காவது படி நாம் ஏறுவதில்லை தம்பி, அது கொடுக்கப்படுவது. முதல் மூன்றைத்தான் நாம் செய்ய முடியும். அவருக்கு 600 வருடம் முன்னால் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கின் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான். இதயத்தின் செவியைச் சாய்த்துக் கேள் என்கிறார்.

மருதாணி அம்மா சொன்ன சங்கீதம் எங்கள் திருவிவிலியத்தில், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில், தாய்மடி தவழும் குழந்தை என்று வரும். அதுவும் அழகுதான். ஆனால் உங்கள் பழைய மொழிபெயர்ப்பின் 'பால்மறந்த' என்ற சொல் எபிரேய மூலத்துக்கு நெருக்கம். அந்த அம்மாவின் நாலாவது ராத்திரியை வாசித்த பிறகு நானும் அந்தச் சொல்லை என் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன்.

கடலோரன்:

நான் தரங்கம்பாடி பக்கம், லுத்தரன் சபை. இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக ஒரு சேதி. மார்ட்டின் லூத்தருக்கு முடி திருத்துகிற பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். 1535-இல் லூத்தர் அவருக்காக ஒரு சிறு புத்தகமே எழுதினார். பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொள், அதை நான்கு இழையாகத் திரி என்கிறார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். சவரம் செய்கிறவன் கத்தியிலும் முடியிலும் கண்ணை வைக்காமல் பேச்சில் கவனம் வைத்தால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான், ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்று அவருடைய தொழிலிலிருந்தே எடுத்துக் காட்டுகிறார். எனக்குப் பிடித்த இடம் இதற்கு மேல்தான். நடுவில் பரிசுத்த ஆவியானவர் உள்ளத்தில் பேச ஆரம்பித்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுச் சும்மா இருந்து கேள் என்கிறார். அதாவது, முறையைச் சொல்லிக் கொடுத்தவரே முறையை விடவும் சொல்கிறார்.

பழைய உபதேசியார்:

தம்பியின் இரண்டாவது பயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானாகக் கற்பனை செய்துகொள்வேனோ என்று கேட்டிருக்கிறார். நியாயமான பயம். அது இல்லாதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒரு வருடம், வருடப்பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில், அந்த வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் கொடுப்பார்களே அதில், எரேமியா 29:11 இருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எத்தனை வீட்டில் அது மாட்டியிருக்கிறது! என் பையன் அந்த வருடம் ஒரு வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தான். வசனம் அவனுக்காகத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சாட்சிகூடச் சொல்லிவிட்டேன் சபையில். அவனுக்குக் கிடைக்கவில்லை. மூன்று மாதம் எனக்கு ஜெபிக்கவே பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. பதினோராம் வசனத்துக்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் அநேகர் திரும்பி வரப்போவதில்லை. அவர்களிடம் என்ன சொல்கிறார்? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். அட்டையில் ஒரு வரிதான் இருந்தது. கடிதம் முழுவதும் என் வீட்டிலேயே இருந்தது, நான்தான் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த வசனம் எனக்குக் கிடைத்தது, கேட்டபடி அல்ல, எழுதியிருந்தபடி. வாடகை வீட்டுப் பின்புறத்தில் ஒரு மாதுளங்கன்று நட்டேன். வாடகை வீட்டில் எதற்கு மரம் என்று வீட்டில் கேட்டார்கள்.

ஆகவே தம்பி, இருதயத்தைத் திறந்து வைப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது அல்ல. யார் யாரிடம் சொல்கிறார்கள், முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பாருங்கள். அப்புறம் உட்காருங்கள். சங்கீதம் 1 சொல்கிற தியானத்துக்கு எபிரெயத்தில் உள்ள சொல் முணுமுணுக்கிற சத்தத்தைக் குறிக்கும். ஏசாயாவில் இரைமேல் நின்று உறுமுகிற சிங்கத்துக்கும், புலம்புகிற புறாவுக்கும் அதே சொல்தான். வாய் அசைய வேண்டும். மருதாணி அம்மா சரியாகத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிழமை நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் ஆரம்பித்தால், எண்ணாகமம் 7 வருகிற நாளில் அன்றைய முதல் இரண்டு அதிகாரம் 5-ம் 6-ம். உங்கள் அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில் ஆறாம் அதிகாரத்தையும் வாசித்திருக்கிறீர்கள். போய் 22-ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். மூன்று வரி ஆசீர்வாதம். எபிரெயத்தில் முதல் வரிக்கு மூன்று சொல், இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு ஏழு, கை விரிகிற மாதிரி அகலமாகிக்கொண்டே போகும். 1979-இல் எருசலேமில் இன்னோம் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு பழைய கல்லறைக் குகையில், சுருட்டிய இரண்டு சின்ன வெள்ளித் தகடுகளைக் கண்டெடுத்தார்கள். பொறுமையாக விரித்துப் பார்த்தபோது இந்த ஆசீர்வாதம் அதில் பொறித்திருந்தது. 2500 வருடத்துக்கும் மேல் பழமையானது. யாரோ அதைத் தங்கள் மரித்தவர்களோடு வைத்திருக்கிறார்கள்.

வேறொன்றும் சொல்லப்போவதில்லை. வாசியுங்கள்.

முத்துநகர் வாசகன்:

எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஐயா, நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் உடனே திறக்கவில்லை. என்ன வரும் என்று தெரிந்துபோயிற்று, பயமாக இருந்தது. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து, வாய்விட்டு, மெதுவாக வாசித்தேன்.

"கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர். கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி, உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர். கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரசன்னமாக்கி, உனக்குச் சமாதானம் கட்டளையிடக்கடவர்."

என் அப்பா அதிகம் படித்தவர் இல்லை. உப்பளத்தில் வேலை செய்தவர். கை உள்ளங்கை எல்லாம் வெடித்திருக்கும். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனபோது, முதல் வேலைக்குப் போனபோது, கல்யாணத்தன்று காலையில், அந்தக் கையை என் தலையில் வைத்து இந்த மூன்று வரியைத்தான் சொல்வார். மனப்பாடம். சொல்லி முடித்துவிட்டுத் தலையில் ஒரு தட்டு தட்டுவார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஐயா கடைசியாகச் சொன்னதும் இதைத்தான். மறுநாள் காலை அது என் கண் முன்னால் இருந்திருக்கிறது. நான் எண்ணாகமம் 7-க்கு இன்னும் 89 வசனம் இருக்கிறதே என்று வேகமாகப் போயிருக்கிறேன்.

முதல் நாள் அழுகையைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் உபதேசியார் ஐயா சொன்னபடி முன்னும் பின்னும் பார்த்தேன். இதைச் சொல்லச் சொன்னவர் கர்த்தர். ஆசாரியனான ஆரோனும் அவன் குமாரரும் சொல்ல வேண்டும், ஆனால் "நான் அவர்களை ஆசீர்வதிப்பேன்" என்று 27-ஆம் வசனத்தில் அவரே சொல்கிறார். கை மனுஷனுடையது, ஆசீர்வாதம் அவருடையது. அந்தக் கை இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. ஆசீர்வாதம் அதோடு போகவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. இது நானாகக் கற்பனை செய்ததில்லை, எழுதியே இருக்கிறது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ 'முகம்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். இரண்டு தடவை வருகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் கிடங்கிலிருந்து போய்ச் சேர ராத்திரி எட்டு ஆகும். பக்கத்துக் கட்டில்காரர் ஒருநாள் சொன்னார், ஏழு மணியிலிருந்தே உங்கப்பா முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார் என்று. அப்போது நான் அதைக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். இப்போது சமையலறையில் "தம்முடைய முகத்தை உன்மேல்" என்று வாய் சொன்னபோது, அந்த வாசல், அந்தத் தலையணை, திருப்பி வைத்திருந்த அந்த முகம். விளக்கை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி, நான் எதையும் கேட்கவில்லை அன்றைக்கு.

அட்டவணையைக் கிழிக்கவில்லை. சாயங்காலம் கொஞ்சம் வாசிக்கிறேன், தாத்தா சொன்ன மாதிரி மேய்வதற்கு. டிக் போடுவதை நிறுத்திவிட்டேன். காலை ஐந்து மணி மட்டும் இந்த மூன்று வரிக்கு.

நேற்று மகளுக்குப் பரீட்சை ஆரம்பம். வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. அவளைக் கூப்பிட்டு நிறுத்தித் தலையில் கை வைத்தேன். இதுவரை செய்ததில்லை. மூன்று வரியும் சொன்னேன், நடுவில் ஒரு இடத்தில் குரல் போய்விட்டது. அவள் நகரவில்லை, நின்று கேட்டாள். முடித்துவிட்டு ஒரு தட்டு தட்டினேன்.

இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். இன்னும் 25-ஆம் வசனத்தில்தான் இருக்கிறேன்.